ஒரு கிட்டார், இரண்டு குரல்: சோலோ ஹார்மனிக்கு எந்த வழி?

ஒரே ஒரு கிட்டார் இருக்கும் குழுவில் சோலோ தொடங்கியதும் ஒரு வெறுமை விழும். அதுவரை கார்டு வாசித்துக்கொண்டிருந்த கை மேல் ஃப்ரெட்களுக்குப் போய்விட, கீழே பேஸும் டிரம்ஸும் மட்டும் மிஞ்சும். அந்த நேரத்தில் இன்னொரு கிட்டார் ஒரு சுரம் தள்ளி மேலே கூடவே ஓடிவந்தால் எப்படி இருக்கும்? விஷ்போன் ஆஷ், தின் லிஸி, அயர்ன் மெய்டன் போன்ற குழுக்களின் இரட்டைக் கிட்டார் ஒலிக்கு மயங்கிய எல்லோருக்கும் இந்த ஏக்கம் இருக்கும். ஆனால் பக்கத்தில் நின்று வாசிக்க இன்னொருவர் இல்லை. கையில் இருப்பது ஒரு டிஜிட்டல் எஃபெக்ட்ஸ் ப்ராசசர், அல்லது ஒன்று வாங்கும் எண்ணம்.

வழிகள் பல இருக்கின்றன. நிலையான இடைவெளியில் சுரத்தை நகர்த்தும் பெடல், பாட்டின் கீயை, அதாவது ஆதார சுரத்தையும் ஸ்கேலையும், சொன்னால் தானே கணக்குப் போடும் ஹார்மனைசர், சுரத்துக்குச் சுரம் நாமே அட்டவணை போடக்கூடிய பெரிய ப்ராசசர், நாம் வாசிக்கும் கார்டுகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் கருவி, சுரத்தின் உயரத்தையே (பிட்ச்) தொடாமல், வாசித்ததைச் சற்று நேரம் கழித்துத் திருப்பித் தரும் டிலேயை மட்டும் வைத்துச் செய்யும் பழைய உத்தி. எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இரண்டாவது கிட்டார் என்ன வாசிக்க வேண்டும் என்று எழுதிவிட்டீர்களா? எழுதவில்லை என்றால் எந்தப் பெட்டி வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. எழுதிவிட்டால் அந்தத் தாளே சொல்லிவிடும்.

முதலில் தாளில் எண்ணிப் பாருங்கள்

உங்கள் சோலோவில் ஹார்மனி, அதாவது துணைக்குரல், வேண்டிய இடம் பெரும்பாலும் நான்கு அல்லது எட்டு பார் (தாளச் சுற்று)தான் இருக்கும். அதை வாசித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம் அதன்மேல் இரண்டாவது கிட்டாரை நீங்களே தேடித் தேடி வாசியுங்கள். காதுக்குச் சரி என்று பட்டதும், ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே அதன் துணைச் சுரம் எத்தனை ஃப்ரெட் தள்ளி இருக்கிறது என்று எண்ணை எழுதுங்கள்.

மேஜர் ஸ்கேலை, அதாவது நம் சங்கராபரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சுரம் விட்டு அடுத்ததைப் பிடிப்பதுதான் வழக்கமான 'தேர்ட்' ஹார்மனி. ச-வுக்குக் க: 4 ஃப்ரெட். ரி-க்கு ம: 3. க-வுக்குப் ப: 3. ம-வுக்குத் த: 4. ப-வுக்கு நி: 4. த-வுக்கு மேல் ச: 3. நி-க்கு மேல் ரி: 3. ஒரே ஹார்மனிதான், ஆனால் மூன்று இடத்தில் 4, நான்கு இடத்தில் 3. நிலையான இடைவெளிக்கும், கீயை அறிந்து இடைவெளியை மாற்றும் 'அறிவார்ந்த' ஹார்மனிக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த ஏழு எண்களில் அடங்கியிருக்கிறது.

நிலையான இடைவெளி: எளியது, நேர்மையானது

பெடலில் '4 ஃப்ரெட் மேலே' என்று வைத்துவிட்டால் அது எதைக் கேட்டாலும் 4 ஃப்ரெட் மேலேதான் தரும். ச வாசித்தால் க வரும், அருமை. ரி வாசித்தால் வருவது சங்கராபரணத்தின் மத்யமம் அல்ல, கல்யாணியின் மத்யமம். க, த, நி மூன்றுக்கும் இதே கதைதான். ஏழில் நான்கு சுரம் ஸ்கேலுக்கு வெளியே விழும். '3 ஃப்ரெட்' என்று வைத்தால் ச, ம, ப மூன்றும் கெடும். ஆகவே தேர்ட் ஹார்மனிக்கு இந்த வழி பொதுவாக ஆகாது.

ஆனால் இதை ஒதுக்கிவிடாதீர்கள். ஃபிஃப்த், அதாவது 7 ஃப்ரெட் மேலே என்று வைத்துப் பாருங்கள். ஏழில் ஆறு சுரம் சரியாக வரும், நி மட்டும்தான் தப்பும். 5 ஃப்ரெட் மேலே என்றால் ம மட்டும் தப்பும். 12 என்றால் தப்பவே தப்பாது. உங்கள் வரியில் அந்த ஒரு சுரம் வரவில்லை என்றால், விலை கூடிய பெட்டி எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. ஐந்து சுர ஸ்கேலான பென்டடானிக்கில் வாசிப்பவர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம். மேஜர் பென்டடானிக்கில் ம, நி இரண்டுமே இல்லையே!

இன்னொரு பலமும் உண்டு. இந்தப் பெடலுக்கு நீங்கள் என்ன சுரம் வாசிக்கிறீர்கள் என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை, எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் நகர்த்தினால் போதும். அதனால் கம்பியை வளைத்தால் துணைக்குரலும் அதே அளவு வழுக்கிக்கொண்டு வரும். சுரத்தை அசைக்கும் விப்ராட்டோவும் அப்படியே. இந்த வழவழப்பை அறிவார்ந்த ஹார்மனைசர்களால் அவ்வளவு எளிதில் தர முடிவதில்லை.

1989-இல் வந்த டிஜிடெக் வாமி என்ற கால் பெடலின் வம்சத்தில் ஒரு அழகான வசதி இருக்கிறது. ஹார்மனி நிலைகளில் ஒன்று, குதிகாலை அழுத்தினால் மைனர் தேர்டும் முன்பாதத்தை அழுத்தினால் மேஜர் தேர்டும் தருவது. அதாவது 3, 4 இரண்டும் உங்கள் காலடியில். மெதுவான மெலடி என்றால் எந்தச் சுரத்துக்கு எது என்று காலையே பழக்கிவிடலாம். கைக்கும் காலுக்கும் ஒருங்கிணைப்பு வர சில வாரம் ஆகும். வந்துவிட்டால் இது ஒரு வாத்தியம் போலவே ஆகிவிடும்.

கீயைச் சொன்னால் கணக்குப் போடும் ஹார்மனைசர்

ஈவன்டைட் 1975-இல் எச்910 என்ற முதல் ஹார்மனைசரைக் கொண்டுவந்தபோது அது நிலையான இடைவெளிக் கருவிதான். அதே நிறுவனத்தின் எச்3000, 1980-களின் பிற்பகுதியில், ஸ்கேலை அறிந்து நகர்த்தும் வசதியோடு வந்தது. ஸ்டீவ் வாய் போன்ற கிட்டார் கலைஞர்கள் அதைக் கொண்டாடினார்கள். அன்று ஸ்டுடியோ அலமாரியில் இருந்தது இன்று பாஸ் பிஎஸ்-6, டிசி எலக்ட்ரானிக் குயின்டசென்ஸ் போன்ற சின்னப் பெடல்களில் வந்துவிட்டது.

வேலை செய்யும் முறை எளிது. நீங்கள் வாசித்த சுரம் எது என்று கண்டுபிடிக்கும். நீங்கள் சொன்ன கீயில் அந்தச் சுரத்துக்குத் துணை எது என்று பார்க்கும். 3 அல்லது 4 என்று முடிவெடுத்து நகர்த்தும். சிக்கலெல்லாம் அந்த முதல் படியில்தான்.

சுரத்தைக் கண்டுபிடிக்க அலையின் ஓரிரு சுற்றையாவது கேட்டாக வேண்டும். ஆறாவது கம்பியைத் திறந்து மீட்டினால் 82 ஹெர்ட்ஸ், ஒரு சுற்றுக்கே 12 மில்லிசெகண்ட். இரண்டு சுற்று என்றால் 24. முதல் கம்பியில் 12-ஆம் ஃப்ரெட்டில் 659 ஹெர்ட்ஸ், ஒரு சுற்றுக்கு ஒன்றரை மில்லிசெகண்ட்தான். மேல் ஃப்ரெட்களில் அழகாகப் பின்தொடரும் அதே பெட்டி கீழ்க் கம்பிகளில் தடுமாறுவதற்கு இதுதான் காரணம். ஹார்மனி வரியை முதல் மூன்று கம்பிகளில் வைத்துக்கொள்ளுங்கள், பாதிப் பிரச்சினை போய்விடும். பக்கத்துக் கம்பி சேர்ந்து ஒலித்தாலும் அது குழம்பும். உள்ளங்கையாலும் இடது கை விரல்களாலும் மற்ற கம்பிகளை அடக்கி வாசிப்பது இங்கே கட்டாயம். நெக் பிக்கப்பும், டோனைக் கொஞ்சம் குறைத்து வைப்பதும், முன்னால் ஒரு கம்ப்ரெசரும் உதவும்.

தாமதத்தைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். அவ்வளவு பயம் வேண்டாம். 10 மில்லிசெகண்டில் ஒலி சுமார் மூன்றரை மீட்டர் போகும். மேடையில் உங்கள் ஆம்ப் பெரும்பாலும் அந்தத் தூரத்தில்தான் இருக்கும். உங்கள் சொந்தச் சுரம் தாமதமில்லாமல் வந்துவிட்டால், துணைச்சுரம் கொஞ்சம் பிந்தி வருவது இன்னொரு மனிதர் வாசிப்பது போலத்தான் கேட்கும்.

உண்மையான தலைவலி பெண்ட்தான். க-விலிருந்து ம-வுக்கு வளைக்கிறீர்கள், ஒரு ஃப்ரெட் தூரம். துணைக்குரல் ப-விலிருந்து த-வுக்குப் போக வேண்டும், அது இரண்டு ஃப்ரெட். நடுவழியில் பெட்டி எந்த இடைவெளியைத் தர வேண்டும்? சில கருவிகள் ஒரு புள்ளியில் சட்டென்று தாவும், சில இழுத்துக் கொடுக்கும். விப்ராட்டோ அகலமாகி அந்த எல்லையைத் தொட்டுத் தொட்டு மீண்டால் துணைக்குரல் நடுங்க ஆரம்பித்துவிடும். கமகம் போல இழைத்து வாசிப்பவர்களுக்கு இது பெரிய ஏமாற்றமாக இருக்கும். கடையில் சோதிக்கும்போது வேகமான ஸ்கேலை வாசித்துக் காட்டாதீர்கள். ஒரு ஃப்ரெட் பெண்டும் இரண்டு ஃப்ரெட் பெண்டும் மெதுவாக வாசித்துக் கேளுங்கள். அங்கே தெரிந்துவிடும்.

சின்னப் பெடல்களில் மேஜர், மைனர் இரண்டு மட்டும் இருப்பதைப் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம். கிரக பேதம், அதாவது அதே சுரங்களை வைத்துக்கொண்டு ஆதாரத்தை மட்டும் மாற்றுவது, தெரிந்தவர்களுக்கு இது எளிது. டி-யை ஆதாரமாக வைத்துக் கரகரப்பிரியா வாசிக்கிறீர்களா? பெட்டியில் சி மேஜர் என்று வையுங்கள், அதே ஏழு சுரங்கள்தான். ஜி-யை ஆதாரமாகக் கொண்ட ஹரிகாம்போதிக்கும் சி மேஜர். கீரவாணிக்கு இந்தக் குறுக்குவழி கிடையாது, ஹார்மானிக் மைனர் தனியாக இருக்கும் பெட்டிதான் வேண்டும். ஏ மைனர் பாட்டில் ஈ மேஜர் கார்டு வரும் இடத்தில் மாட்டிக்கொள்வதும் இதனால்தான். அங்கே நீங்கள் பஞ்சமத்தில் நின்றால் பெட்டி நடபைரவியின் (சாதாரண மைனரின்) நிஷாதத்தைக் கொடுக்கும், கார்டோ கீரவாணியின் நிஷாதத்தை ஒலிக்கும். இரண்டும் ஒரு ஃப்ரெட் தள்ளி உரசும்போது கேட்பவர் யாராக இருந்தாலும் முகம் சுளிப்பார். நானும் ஒரு மேடையில் அந்தச் சுளிப்பைப் பார்த்திருக்கிறேன். மறுநாள்தான் தாளும் பேனாவும் எடுத்தேன்.

பெரிய ப்ராசசர் எதற்கு?

மேலே சொன்ன ஏழு எண்களும் சரியாகவே இருந்தாலும் அது நல்ல ஹார்மனி என்று ஆகிவிடாது. சி மேஜர் கார்டு பின்னால் ஒலிக்கும்போது ப-வில் நீளமாக நிற்கிறீர்கள் என்று வையுங்கள். பெட்டி கணக்குப்படி நி கொடுக்கும். ஸ்கேலுக்குள் இருக்கும் சுரம்தான், ஆனால் கார்டின் ச-வுக்கு ஒரு ஃப்ரெட் கீழே தொங்கிக்கொண்டு நிற்கும். இரண்டு மனிதர்கள் வாசித்தால் இரண்டாமவர் அங்கே ச-வைத்தான் பிடிப்பார், அதாவது 5 ஃப்ரெட் மேலே. உங்கள் தாளில் 3, 4-க்கு நடுவே இப்படி 5 எட்டிப் பார்த்தால், சுரத்துக்குச் சுரம் இடைவெளியை நாமே எழுதக்கூடிய பெட்டி வேண்டும். ஃப்ராக்டலின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் வரிசையிலும் பாஸின் ஜிடி வரிசையிலும் இந்த வசதி உண்டு. கார்டு மாறும்போது அட்டவணையும் மாற வேண்டுமென்றால், சேமித்து வைத்த ஒரே அமைப்புக்குள் (பேட்ச்) நிலைகளை ஒரு ஃபுட்ஸ்விட்சில் மாற்றும் வசதி வேண்டும்.

ஆனால் என்னைப் பொறுத்தவரை பெரிய ப்ராசசர் வாங்க இதைவிடப் பெரிய காரணம் வேறு. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனுக்கு முன்னாலா பின்னாலா, ஹார்மனைசரை எங்கே வைப்பது என்ற கேள்வி அது.

டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்தால் இரண்டு சுரமும் ஒரே டிஸ்டார்ஷனுக்குள் போகும். டிஸ்டார்ஷன் இரண்டையும் தனித்தனியாக விடாது, அவற்றின் வித்தியாசத்தையும் ஒரு ஒலியாகத் தயாரிக்கும். 440 ஹெர்ட்ஸ் ஏ-வும் 660 ஈ-யும் போனால் வித்தியாசம் 220; அது கீழ் ஸ்தாயி ஏ, இனிமையாகச் சேரும். பவர் கார்டு கம்பீரமாக இருப்பதே இதனால்தான். தேர்ட் அப்படி அல்ல. 440-உம் 554-உம் சேர்ந்தால் 114 வரும். ஏ-வாக இருக்க வேண்டுமானால் 110 வந்திருக்க வேண்டும். எந்தச் சுரத்திலும் சேராத அந்த உறுமல் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். கேட்பவருக்கு இரண்டு கிட்டார் தெரியாது, ஒரே கிட்டாரில் இரண்டு கம்பி கலங்குவதுதான் தெரியும். டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வைத்தால் குரல்கள் பிரியும். ஆனால் செறிந்த ஒலியை நகர்த்துவதால் துணைக்குரலில் ஒரு பொம்மைத்தனம் ஏறும். கேபினெட்டுக்கும் (ஸ்பீக்கர் பெட்டி) பின்னால் வைத்தால் இன்னும் மோசம், கேபினெட்டின் குணமும் சேர்ந்து நகர்ந்துவிடும்.

சரியான வழி இரண்டு பாதை. கிட்டாரிலிருந்து வரும் சுத்தமான சிக்னலை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒன்று நேராக, ஆம்ப்பின் ஒலியை நகலெடுக்கும் ஒரு ஆம்ப் மாடலுக்கும் கேபினெட்டுக்கும். மற்றது ஹார்மனைசரில் நேர் ஒலி கொஞ்சமும் கலக்காமல் துணைச்சுரம் மட்டுமாக வெளிவந்து, வேறொரு ஆம்ப், வேறொரு கேபினெட். முதலாவதை இடப்பக்கம், இரண்டாவதை வலப்பக்கம். துணைக்குரலை 10 முதல் 15 மில்லிசெகண்ட் தள்ளி, சில சென்ட் (ஒரு சென்ட் என்பது ஒரு ஃப்ரெட்டில் நூறில் ஒரு பங்கு) மட்டும் சுருதி விலக்கி, ஒலியளவைக் கொஞ்சம் குறைத்து வைத்துவிட்டால், கண்ணை மூடிக் கேட்பவர் இரண்டு பேர் என்று சத்தியம் செய்வார். லைன் 6 ஹீலிக்ஸ், ஆக்ஸ்-எஃப்எக்ஸ், நியூரல் டிஎஸ்பி குவாட் கார்டெக்ஸ் போன்றவை ஒரே பேட்ச்சில் இரண்டு ஆம்ப் மாடல்களை ஓட்டும். நீங்கள் பார்க்கும் பெட்டி இதைச் செய்யுமா என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். அதில் எத்தனை நூறு எஃபெக்ட் இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்.

சுத்தமான டோனில் மட்டும் வாசிப்பவருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. அவருக்குச் சின்னப் பெடலே நிறைவாக இருக்கும்.

கார்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் கருவிகளையும் சொல்லிவிடுகிறேன். டிஜிடெக்கின் ஹார்மனிமேன், நீங்கள் முன்னால் வாசித்த கார்டுகளை அலசி அதற்கேற்பத் துணைக்குரலைத் தரும். யோசனை அற்புதமானது. ஆனால் சோலோவின் நடுவே கார்டு மாறினால் அதற்குச் சொல்ல யார் இருக்கிறார்கள்? சோலோ வாசிப்பவரின் கையில் அப்போது கார்டு இல்லை. கார்டும் மெலடியும் மாறி மாறி வாசிக்கும் பாணிக்கு இது பொருந்தும், ஓயாத சோலோவுக்குப் பொருந்தாது.

பிட்ச்சைத் தொடாத வழி

இப்போது என் மனதுக்கு மிக நெருங்கிய வழி. குயின் குழுவின் பிரையன் மே 1970-களில் எக்கோபிளெக்ஸ் டேப் டிலேக்களை வைத்து மேடையில் தனியாளாக மூன்று குரல் ஹார்மனி செய்தார். ஒரு சொற்றொடரை வாசிப்பது, அது டிலேயில் திரும்பி வரும்போது அதன் மேலேயே அடுத்த குரலை வாசிப்பது. துணைக்கு வருவதும் அவருடைய கைதான், அவருடைய பெண்ட், அவருடைய விப்ராட்டோ. எந்தப் பெட்டியும் சுரத்தைக் கண்டுபிடிக்க வேண்டாம், எதுவும் தடுமாறாது.

டிஜிட்டல் ப்ராசசரில் இதை அமைப்பது சுலபம். நிமிடத்துக்கு 120 பீட் என்றால் ஒரு பீட் 500 மில்லிசெகண்ட், நான்கு பீட் கொண்ட ஒரு பார் 2000. டிலேயை ஒரு பாருக்கு வையுங்கள், ஃபீட்பேக்கை முழுதாகக் குறைத்து ஒரே முறை திரும்பச் செய்யுங்கள், திரும்பும் ஒலியின் அளவு உங்கள் ஒலிக்குச் சமமாக இருக்கட்டும். டிலே டிஸ்டார்ஷனுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும், முன்னால் வைத்தால் மேலே சொன்ன அதே உறுமல் வந்துவிடும்.

இதற்கு நிபந்தனை உண்டு. நீங்கள் இப்போது வாசித்தது அடுத்த பாரின் கார்டுக்கும் பொருந்தியாக வேண்டும். ஒரே கார்டில் நிற்கும் பகுதி, அல்லது இரண்டே கார்டு மாறி மாறி வரும் பகுதி என்றால் அழகாக அமையும். ஓடும் கார்டுகளுக்கு இது கூடாது. டிரம்மர் கிளிக் (மெட்ரோனோம்) கேட்டு வாசிக்க வேண்டும் அல்லது நீங்கள் வேகத்தைக் காலால் தட்டிக் காட்ட வேண்டும். இரண்டு குரலும் ஒரே நேரத்தில் தொடங்கி இணையாக ஓடும் அந்தப் பாய்ச்சலும் இதில் கிடைக்காது, ஒன்றை ஒன்று துரத்தும் ஒலிதான் கிடைக்கும். எனக்கு அந்தத் துரத்தல்தான் பிடிக்கும். நீளமான, நிறுத்தி நிறுத்தி வாசிக்கும் மெலடி உங்களுடையது என்றால் புதிதாக எதையும் வாங்குமுன் இருக்கிற டிலேயில் ஒரு மாலை முழுக்க இதை முயன்று பாருங்கள்.

பதிந்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப்பரில் முதல் குரலைப் பதிந்து அதன்மேல் வாசிப்பதும் இதே குடும்பம்தான். ஆனால் பாட்டின் நடுவே பதியவும் ஓட்டவும் நிறுத்தவும் காலுக்கு வேலை அதிகம்.

தாளுக்குத் திரும்புவோம்

எழுதி வைத்த எண்களைப் பாருங்கள். எல்லாம் 12 என்றோ, 7 என்றோ, 5 என்றோ ஒரே எண்ணாக இருந்தால் நிலையான இடைவெளிப் பெடல். பெண்ட் நிறைய இருந்தால் இன்னும் உறுதியாக அதுவே. 3-உம் 4-உம் மட்டும், ஒரே கீ, வேகமான ஓட்டம், பெண்ட் குறைவு என்றால் கீ சொல்லும் சின்னப் பெடல். அதையே கனமான டிஸ்டார்ஷனில் வாசிப்பவர் என்றால் இரண்டு பாதை உள்ள பெரிய ப்ராசசருக்குப் பணம் சேர்ப்பதுதான் நல்லது; நடுவில் ஒரு பெடல் வாங்கி மனம் நோக வேண்டாம். 5 கலந்து வந்தாலோ கார்டுக்குக் கார்டு எண் மாறினாலோ அட்டவணை வசதியும் சேர்த்துப் பாருங்கள். வரியில் பாதி பெண்ட், பாதி தேர்ட் என்றிருந்தால், பெண்ட் வரும் இடத்தில் துணைக்குரலை அணைத்துவிட்டு அடுத்த சொற்றொடரில் எழுப்புங்கள். கால் வைத்திருக்கும் வரை மட்டும் ஒலிக்கும் மொமென்டரி சுவிட்ச் இதற்கென்றே இருக்கிறது. சோலோ முழுவதும் ஹார்மனி ஓடினால் காது பழகிவிடும், கடைசி நான்கு பாரில் திடீரென்று இரண்டாவது குரல் எழும்பும்போதுதான் அரங்கம் நிமிரும்.

எந்தக் கருவி வாங்கினாலும் ஒத்திகைக்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். உங்கள் குழு கிட்டாரை அரை ஸ்டெப் இறக்கிச் சுருதி சேர்ப்பது வழக்கமென்றால், விரல்கள் ஏ மைனர் வடிவத்தில் இருந்தாலும் ஒலிப்பது ஜி ஷார்ப் மைனர். பெட்டி விரலைப் பார்ப்பதில்லை, ஒலியைத்தான் கேட்கிறது. அதில் ஜி ஷார்ப் மைனர் என்றே வையுங்கள். சுருதி இறக்காமல் இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டால் பி மைனர். சுருதி இறக்குவதையும் ப்ராசசரே செய்கிறது என்றால், அந்தப் பகுதி (பிளாக்) ஹார்மனைசருக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் இருந்தால் ஜி ஷார்ப் மைனர், பின்னால் இருந்தால் ஏ மைனர்.